முப்பதும் பிடித்த ராத்தாவுக்கு

அஸர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் பக்கமிருந்து கஞ்சி வாசம் வந்துவிட்டது. இஞ்சி, உள்ளி, றம்பை, தேங்காய்ப்பால் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கிற அந்த வாசத்துக்கு மதில் கிதில் என்று எந்த மரியாதையும் கிடையாது. நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போயிருக்கிறார். உம்மா கட்லட் பொரிக்கிறார். இன்று தலைநோன்பு, மாதத்தின் முதல் நோன்பு, ராத்தா. நீ இல்லாத முதல் தலைநோன்பு.

முன்பெல்லாம் இந்த வாசம் வந்தவுடன் நான் ஒரு பகிடி விடுவேன். "கஞ்சி வருகுது, எல்லாரும் கெஞ்சிக் குடிங்க." அப்படியொன்றும் பெரிய பகிடி இல்லை. வருடா வருடம் அதையேதான் சொன்னேன். ஆனாலும் நீ சிரிப்பாய். உன் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும். இன்று வாசம் மூக்கில் ஏறியதும் என் வயிறு ஒரு தடவை கத்தியது. பிறகு, பிழையான இடத்தில் வாயைத் திறந்துவிட்டது போல, தானாகவே மூடிக்கொண்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒளித்து வைத்த எதையும் இதில் சொல்லப் போவதில்லை. நான் என்ன செய்தேன் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நானேதான் சொன்னேன். நீயும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாய். ஆனால் அதைப் பற்றி நாம் இருவரும் கதைக்கக் கிடைக்கவில்லை. உன்னோடு கதைக்காமல் நான் விட்ட விஷயம் என் பதினேழு வயசில் இது ஒன்றுதான்.

என்னைவிட நீ ஆறு வயது மூப்பு. "ராத்தாவ நீங்க எண்டு செல்லு" என்று உம்மா ஏசாத நாள் இல்லை. "அவ ஒராள்தானே உம்மா, எத்தின பேருக்கு நீங்க போடுற?" என்பேன் நான். உன் தோள் குலுங்கும். அவ்வளவுதான், அன்றைய ஏச்சு முடிந்தது. என் பகிடிகளுக்கு இந்த வீட்டில் விலை வந்ததே உன்னால்தான். மற்றவர்கள் சிரித்தால் அது சும்மா சிரிப்பு. நீ சிரித்தால் பகிடி பாஸ். ஒரு நோன்புப் பெருநாளுக்கு உம்மா வட்டிலப்பம் அவித்தபோது, "இது வட்டி இல்லாத அப்பம், அதுதான் ஹலால்" என்று சொன்னேன். நீ அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாய். அன்று வட்டிலப்பத்தை இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டாய். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரண்டியையும் நக்கினாய்.

என்னை உண்மையாகத் தண்டித்ததும் நீ மட்டும்தான். மாமியின் சின்ன மகள் தன் முதல் நோன்பைப் பிடித்த நாள் ஞாபகமா? வாப்பாவின் சகோதரி வீடு நம் மதிலுக்கு அப்பால்தானே. நான் பழைய பிவிசி குழாய் ஒன்றை மதிலுக்கு மேலால் நீட்டி, குரலைத் தடிப்பாக்கி, மஃரிபுக்குக் கொஞ்ச நேரம் முந்தியே பாங்கு சொன்னேன். அந்தப் பிள்ளை பேரீத்தம்பழத்தை வாயில் போட்டுவிட்டது. பிறகு விஷயம் தெரிந்து அது அழுத அழுகையில் மாமி செருப்போடு வந்தார். நீ அவரைத் தடுத்து நிறுத்திவிட்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாய். அடிக்கவில்லை. "பகிடி விடு புள்ள. நீ விடாட்டி இந்த வீடு செத்த வீடு. ஆனா ஆக்கள்ர பசியில மட்டும் பகிடி விடாத" என்றாய். அடுத்த நாள் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நோன்பு பிடிக்க வைத்தாய். நோன்பு திறக்கும்போது முதல் பழத்தை என் கையாலேயே அதற்கு ஊட்டவும் வைத்தாய்.

அதை நீ சொன்ன வயதில் நான் விளங்கிக்கொண்டது, குழாய்க்குள் பாங்கு சொல்லக் கூடாது என்பதை மட்டும்தான்.

பிறகு உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நீ கம்பஸில் கடைசி வருடம். சம்மாந்துறைப் பக்கத்துக் குடும்பம், மரியாதையான ஆட்கள், கைநிறையப் பழங்களோடு வந்தார்கள். வந்த பெண்களில் வயதான ஒருவர் உன் கன்னத்தைத் தடவி, "புள்ள நல்ல வடிவு. கொஞ்சம் உடம்புதான், அது குறைக்கலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குப் படவில்லை. புடவைக்கு ஊசி குத்துகிற மாதிரி, சும்மா போகிற போக்கில் சொன்னார். அவர்கள் போன பிறகு வீடு கொஞ்சம் அமைதியாக இருந்தது. உம்மா தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாப்பா எதுவும் கேட்காதவர் போல வாசலில் நின்றார். எனக்கு அமைதி என்றால் ஆகாதே. "கவலப்படாதீங்க, ஒரு மாப்பிள்ளைக்கு ராத்தா கூடினா, ரெண்டு மாப்பிள்ளையாப் பாருங்க" என்றேன்.

மாமி சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். உம்மாவும் சிரித்தார். வாசலில் வாப்பாவின் முதுகும் சிரித்தது. உன் தோள் குலுங்கியதா என்று பார்த்தேன். நீ சத்தம் போட்டுச் சிரித்தாய். அதுவரை நான் கேட்டிராத சத்தம். பகிடி பாஸ் என்று நினைத்தேன்.

பிறகு வந்த டொக்டர் சொன்னார், உனக்கு வந்த நோய், இந்த வருத்தம், ஒருவர் சொன்ன ஒரு கதையால் வருவதில்லை என்று. பல விஷயங்கள் சேர வேண்டுமாம், கனநாள் வேண்டுமாம். சரி. ஆனாலும் அந்தச் சிரிப்பின் சத்தம் என்னிடம்தான் இருக்கிறது, டொக்டரிடம் இல்லை.

அந்தச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் விட்டுப்போனது. உனக்கு மட்டும் அந்தப் பேச்சு விடவில்லை. முதலில் இரவுச் சாப்பாடு இல்லை என்றாய். பிறகு சோறே இல்லை என்றாய். "டயட்டா ராத்தா, டயர்டா?" என்று கேட்டேன். இரண்டும்தான் என்று நீ சொன்னதை, என் பகிடியை நீ நீட்டிக்கொடுக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நம்மூர் சித்திரை வெயிலில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் கிடந்தாய். குளியலறை வாய்க்காலில் உன் தலைமுடி அடைத்துக்கொண்டு நின்றது. கூட்டாளிமார் கோல் எடுத்தால் போனைக் கவிழ்த்து வைத்தாய். எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பகிடி இருந்தது. போர்வைக்குள் கிடந்தால் "நுவரெலியாக்குப் போயிட்டா". முடி கொட்டினால் "ஹஜ்ஜுக்கு முந்தியே மொட்டை".

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "மெலிஞ்சு வடிவாகிட்டா." மாமி உன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் விரலால் சுற்றிப் பார்த்து, "எனக்கும் செல்லித் தாங்க புள்ள, எப்பிடி இதெல்லாம்?" என்று கேட்டார். நீ சிரித்தாய். வெளியாட்கள் முன்னால் நீ நன்றாகச் சிரிக்கப் பழகியிருந்தாய்.

உம்மா மட்டும் அவ்வப்போது, "இவள் என்ன, கோழி கொத்துற மாதிரிக் கொத்துறாள்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நீ என்னைப் பார்ப்பாய். ஒரு சின்னப் பார்வைதான், யாருக்கும் விளங்காது. உடனே நான் ஏதாவது சொல்வேன். சிரிப்பு வரும். கேள்வி அந்தச் சிரிப்போடு சேர்ந்து வாசலால் போய்விடும். நாம் அப்படிப் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் அது நம் இருவரின் வேலையாகிவிட்டது. நீ பார்ப்பாய், நான் சிரிக்க வைப்பேன், நீ எழும்பிப் போவாய்.

மாமியின் மூத்த மகளின் கலியாணத்தில் நாம் ஒரே சஹனில் இருந்தோமே, அதை நினைத்தால் இப்போதும் என் முகம் சுடுகிறது. ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பெண்கள், அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் கை. ஒரே தட்டில் எல்லோரும் சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை, பார்ப்பது மரியாதையும் இல்லை. ஆனால் எல்லோர் பக்கமும் பள்ளமாகிக்கொண்டே போக, உன் பக்கம் மட்டும் மேடாக நின்றது. நீ என்னைப் பார்த்தாய். என் கை உன் பக்கம் போனது. எதிரே இருந்த மாமி கண்டுகொண்டார்.

"என்னடி, ராத்தாட பங்கையும் அள்ளுறாய்?"

"வாப்பாட மகள்தானே மாமி. வரம்பு வெட்டிப் பக்கத்து வயலுக்குத் தண்ணி பாச்சுறன்."

நம் வாப்பா சவளக்கடை வயலில் வரம்புத் தகராறில் பஞ்சாயத்து வரை போனவர் என்பது அந்தச் சஹனில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும். ஒருவருக்குப் புரையேறியது. சிரிப்பு அடங்குவதற்குள் உன் பக்கமும் சமனாகிவிட்டது. சால்வைக்குக் கீழே என் முழங்காலை ஒரு தடவை அழுத்தினாய். நன்றி என்று அர்த்தம். எனக்குப் பெருமையாக இருந்தது, ராத்தா. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை. உன் பசியைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன்.

இனிப் போன வருட நோன்பு.

மாதவிடாய் நாட்களில் நமக்கு நோன்பு இல்லை. விட்ட நாட்களைப் பிறகு வேறு நாளில் பிடித்துக் கழாச் செய்வோம். ஒவ்வொரு வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம், ஒரு வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். வாப்பாவுக்கு முன்னால் வாடின முகத்தோடு திரிந்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எதையாவது அவசரமாக விழுங்குவோம். அதற்கு நான் வைத்த பெயர் 'லீவு'. உனக்கு லீவு வந்தால் எனக்குக் காதில் சொல்வாய். எனக்கு வந்தால் உனக்கு. நோன்பு பிடித்திருக்கும் ஆள் போய் மற்ற ஆளுக்குச் சீனிப் பணிஸ் வாங்கி வர வேண்டும், அதுதான் நம் சட்டம். பணிஸைக் கதவுக்குப் பின்னால் தந்துவிட்டு, வாசலில் காவல் நிற்க வேண்டும்.

போன வருடம் என் லீவுக்கு நீ பணிஸ் வாங்கி வந்தாய். உன் லீவுக்கு நான் காத்திருந்தேன். முதல் பத்து முடிந்தது. நடுப் பத்தும் முடிந்தது. நீ ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்குக் கணக்குப் பிழைத்தது. ஒரு லுஹருக்குப் பிறகு, நீ உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"ராத்தா, உனக்கு இந்த முறை லீவே இல்லயா? கவர்மென்ட்ல கூட லீவு குடுக்கிறாங்க."

நீ மடிப்பை நிறுத்தவில்லை. "வரல்ல."

"போன மாசம்?"

"அதுவும் வரல்ல. கனநாள்." பிறகுதான் என்னைப் பார்த்தாய். "உம்மாட்ட செல்லிராத. செல்லினா எல்லாரும் என்னையே பாப்பாங்க. என்ட தட்டப் பாப்பாங்க. எனக்கு ஏலாது."

"வருத்தமெண்டா நோன்பு விடலாமே. மௌலவியும் செல்லுறதானே."

"எனக்கு வருத்தம் ஒண்டுமில்ல." உம்மாவின் பாவாடையை எடுத்து மடித்தாய், பிரித்தாய், திரும்ப மடித்தாய். "நோன்பெண்டாத்தான் நிம்மதி. ஆரும் தின்னு தின்னு எண்டு செல்லுறாங்க இல்ல. விடியிறதுதான் பயமா இரிக்கி. சில நேரம் விடியாமலே இருந்தா நல்லம் எண்டு இரிக்கி."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். எதுவும் சொல்லாமல் உன் கையைப் பிடித்திருக்கலாம். 'அப்பிடியெண்டா என்ன ராத்தா?' என்று கேட்டிருக்கலாம். எழும்பி நேரே உம்மாவிடம் போயிருக்கலாம். நீ என்னோடு கோபித்துக்கொண்டிருப்பாய், ஒரு மாதம் கதைத்திருக்க மாட்டாய். அந்தக் கோபம் இன்றைக்கு எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது.

நான் சொன்னது இதுதான். "விடியாட்டி நல்லந்தானே. சஹர் முடியாது, தின்னுக்கிட்டே இரிக்கலாம்."

உன் தோள் குலுங்கியது. அந்தப் பழைய, சத்தமில்லாத சிரிப்பு. அதைப் பார்த்து, உனக்கு ஒன்றும் இல்லை என்று நம்பிவிட்டேன். சிரிக்கிற ஆளுக்கு என்ன வரப்போகிறது? அதன் பிறகு அப்படி நீ சிரித்து நான் காணவில்லை.

கடைசிப் பத்தில் உம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"புள்ள, மெய்யச் செல்லு. ராத்தா இன்னம் ஒரு நோன்பும் விடல்லயே. எப்பிடி?" உம்மா குரலைத் தாழ்த்தினார். "உம்றாக்குப் போற ஆக்கள் போடுறாங்களே, நாளத் தள்ளி வெக்கிற குளிசை. அது கிது போடுறாளா?"

உம்மா கேள்வியோடு பதிலையும் சேர்த்தே தந்துவிட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

"ஓம் உம்மா. முப்பதையும் முழுசாப் புடிக்கணுமாம். உங்கட மகள் சொர்க்கத்துக்கு டிக்கட் போடுறா, அதுவும் யன்னல் பக்கத்து சீட்."

"வாயப் பாரு இவள்ர!" உம்மா சிரித்துவிட்டார். சிரித்ததும் அவர் முகத்திலிருந்து என்னவோ இறங்கிப்போனது. அந்தக் குளிசைகளை அடிக்கடி போடக் கூடாது, பெருநாள் முடிய அவளிடம் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்தபடி கறிக்குத் திரும்பினார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பெரிய பொய் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை. வழக்கமான வேலையைச் செய்தது போலத்தான் இருந்தது. நீ பார்க்கக்கூட இல்லை, நானாகவே செய்தேன்.

பெருநாள் அன்று உம்மா மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று மாமியிடம் சொன்னார், "என்ட மகள் இந்த முறை முப்பதும் புடிச்சிட்டா." பெண்களுக்குள் அது எவ்வளவு பெரிய பெயர் என்று உனக்குத் தெரியும். "மாஷா அல்லாஹ்! எங்கட காலத்தில ஆருக்கு அந்த ஈமான்?" என்றார் மாமி. உன் உடம்பு தன் வேலையை நிறுத்திவிட்டு நின்றது. நாங்கள் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்து, வட்டிலப்பம் பரிமாறினோம். நீ பெருநாளுக்குப் பின் வருகிற ஆறு நோன்பைத் தொடங்கினாய். அதன் பிறகு திங்கள், வியாழன் நோன்பு. ஊரில் நல்ல பிள்ளைக்கு உதாரணமே நீதான் என்றானது.

முற்றத்தில் துணி காயப்போடும்போது விழுந்தாய். கொடியைப் பிடித்துக்கொண்டே விழுந்ததால் ஈரத்துணி எல்லாம் உன் மேல் கிடந்தது. தூக்கும்போது வாப்பா வாய்விட்டு அழுதார். நெல் மூட்டை தூக்குகிற மனிசன், உன்னைத் தூக்கியதும் அழுதார். பாரம் இல்லாததால் அழுதார் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

வார்டில் இருந்த டொக்டர் இளம் பெண். நிதானமாகக் கேட்டார், கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று. உம்மா முந்திக்கொண்டார். "நோன்புக்குக் குளிசை போட்டவ டொக்டர். அதால கொஞ்சம் குழம்பிப் போச்சு."

"என்ன குளிசை? ஆர் எழுதித் தந்தது?"

உம்மா என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய், கட்டிலில் இருந்து. அதே சின்னப் பார்வை. பகிடி ஒன்று போடு, இந்தக் கேள்வியை அனுப்பிவிடு. சத்தியமாக ராத்தா, அந்த நேரத்திலும் என் வாய்க்குள் ஒன்று இருந்தது.

"குளிசை இல்ல," என்றேன். "ஒரு நாளும் போடல்ல. நான் உம்மாக்குப் பொய் சொன்னன்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். காட்டிக்கொடுத்ததற்காகவா, இல்லை, கடைசியில் யாரோ சொல்லிவிட்டார்கள் என்றா? இது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். ஆயிரம் தடவை எனக்குள் கேட்டுவிட்டேன். இரண்டு பதிலும் எனக்கு வலிக்கிறது.

பிறகு மனநலப் பிரிவிலிருந்து இன்னொரு டொக்டர் வந்தார். முதலில் உன்னோடு தனியாகக் கதைத்தார், பிறகு எங்களை உட்கார வைத்துக் கதைத்தார். "இது பிடிவாதமில்ல, ஸ்டைலுமில்ல. இது வருத்தம். இவவுக்கு மனச்சோர்வும் கனநாளா இருந்திருக்கு. ஒண்டு மற்றதைத் தள்ளிக்கொண்டு போகும். ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும். பாத்தால் சுகப்படுத்தலாம்." சுகப்படுத்தலாம் என்ற அந்தச் சொல்லை உம்மா ஒரு துஆ மாதிரித் திருப்பித் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நாள் நீயும் தேறினாய். அந்த டொக்டரோடு கதைத்தாய். ஒரு பின்னேரம், "எனக்குப் பசிக்கும், உம்மா. எப்பவும் பசிச்சுது" என்று உம்மாவிடம் சொல்லி அழுதாய். உம்மா உன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

ஆனால் உன் இதயம் அதற்குள் கனக்கக் களைத்துவிட்டிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின கிழமை, ஒரு காலையில், அது நின்றுவிட்டது.

ஊருக்கு "நெஞ்சு வருத்தம்" என்று சொன்னோம். பொய்யும் இல்லை. உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள் அறைக்கு வெளியே வந்து முற்றத்துக்குப் போனார்கள். மாமி மட்டும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் மணிக்கட்டைச் சுற்றிப் பார்த்த விரல்கள்.

உம்மா என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நல்லது. பல நாட்களுக்குப் பிறகு, கிணற்றடியில் பாத்திரம் கழுவும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவளட்டக் கேட்டிருக்கணும் நான். உன்னட்டக் கேட்டன். அவளட்டக் கேக்க எனக்குப் பயம்." மனநலப் பிரிவு டொக்டரும் சொன்னார், ஒரு பொய்யால் ஓர் ஆள் மௌத்தாவதில்லை என்று. இருவரும் என் சுமையில் ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பிடிக்கத்தான் பார்க்கிறார்கள். நான் விட்டால்தானே.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. உன் ஜனாஸாவுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்குவதில்லை. உன்னைப் போல மெலிய வேண்டும் என்றில்லை. தட்டில் கை வைத்தால் சஹனில் உன் பக்கம் ஞாபகம் வருகிறது, கையை எடுத்துவிடுகிறேன். யாரும் கேட்டால் ஒரு பகிடி போட்டுத் தப்பிக்கிறேன். நான் கெட்டிக்காரி, உனக்குத் தெரியும். இந்த நோன்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அது ஏன் என்று இன்றைக்கு, இந்த வாசத்துக்கு வயிறு வாயை மூடிய பிறகுதான் யோசித்தேன். நோன்பு வந்தால் நிம்மதி. யாரும் தின்னு தின்னு என்று சொல்ல மாட்டார்கள். இது நீ சொன்ன வசனம், ராத்தா. என் வாயிலிருந்து வருகிறது.

வாப்பா கஞ்சியோடு வந்துவிட்டார். கூப்பிடுகிறார்கள். மிச்சத்தை நோன்பு திறந்துவிட்டு எழுதுகிறேன்.

மாமியும் பிள்ளைகளும் இன்று நம் வீட்டில்தான் நோன்பு திறந்தார்கள். பாய் விரித்து எல்லோரும் சுற்றி இருந்தோம். நான் பேரீத்தம்பழத்தோடு தண்ணீர் குடித்துவிட்டு, கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். உம்மா நேராக என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"நேத்தும் நீ சோறு தின்னல்ல. கண்டன். அதுக்கு முந்தியும்தான். என்ன புள்ள?"

எல்லோர் கையும் நின்றது. மாமியின் சின்ன மகள் ஏற்கனவே சிரிக்க ஆயத்தமாகிவிட்டாள். நான் வாய் திறந்தால் பகிடிதான் வரும் என்று அவளுக்குப் பழக்கம். ஒன்று நாக்கு நுனியில் வந்தும் நின்றது. நல்ல பகிடி, கஞ்சியும் வாப்பாவின் வாளியும் வருகிற பகிடி. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீயும் சிரித்துவிடுவாய்.

"ஓம் உம்மா," என்றேன். "தின்னல்ல. தின்னேலாம இரிக்கி. எனக்குப் பயமா இரிக்கி."

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சின்னப் பிள்ளையும் வாயை மூடிக்கொண்டாள். உம்மா எழும்பி, கஞ்சிக் கோப்பைகளைத் தாண்டி வந்து, எனக்கும் வாப்பாவுக்கும் இடையில் தன்னை நுழைத்து உட்கார்ந்தார். என் கோப்பையை வாங்கவும் இல்லை, குடி என்று சொல்லவும் இல்லை. தோளோடு தோள் ஒட்டி இருந்தார்.

"நாளைக்கு நீ நோன்பு புடிக்காத. ராத்தாவப் பாத்த அந்த டொக்டரிட்டப் போவம்."

"நானும் வாறன்," என்றார் வாப்பா.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அமைதி என்றால் ஆகாத நான், அதைக் கலைக்காமல் இருந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ராத்தா. நீ பயந்த அளவுக்கு அது பயங்கரமாக இல்லை. இந்தச் சிரிக்காத வீட்டை ஒரு தடவையாவது உனக்கு வாங்கித் தந்திருக்க வேண்டியவள் நான்.